வீசிங் உள்ளவர்கள் வீட்டில் கண் சொட்டு மருந்து இருந்தால் இதைப் படியுங்கள்

அம்மாவுக்கு 68 வயது. ஆஸ்துமா சின்ன வயதிலிருந்தே உண்டு. சிங்கப்பூரில் ஈசூன் பலதுறை மருந்தகத்தில்தான் (பாலிகிளினிக்) பல வருடமாகப் பார்க்கிறோம். காலையும் மாலையும் இழுக்க ஒரு தடுப்பு இன்ஹேலர், அவசரத்துக்கு நீல நிற வென்டோலின். அம்மா இரண்டையுமே "பம்ப்" என்றுதான் சொல்வார். ஒழுங்காக இழுத்து வந்தால் நீலத்தை வருடத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொட வேண்டி வராது. அப்படி இருந்தவர், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட ஆரம்பித்த ஆறாவது நாள் ஆம்புலன்சில் போனார்.

கண் பரிசோதனைக்கு ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் 26. வழக்கமாக 21க்குள் இருக்க வேண்டும். கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், ஆரம்பம் என்றார்கள். நிரப்பச் சொன்ன படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை என்று மூன்று கட்டங்கள் இருந்தன. ஆஸ்துமாவுக்குக் கட்டமே இல்லை. முன்னால் இருந்த பெண் வாயால் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஆன்ட்டி, வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"பிரஷர் மாத்திரை மட்டுந்தாம்மா."

அம்மா பொய் சொல்லவில்லை. பம்ப் சாப்பிடுகிற மருந்தா என்ன? இழுக்கிற மருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. டாக்டரும் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம், கையில் கட்டைவிரல் அளவு பாட்டில். இரண்டு கண்ணிலும் காலை ஒரு சொட்டு, இரவு ஒரு சொட்டு. லேபிளில் "வெளி உபயோகத்திற்கு மட்டும்" என்று போட்டிருந்தது.

முதல் இரவே அம்மா சொன்னார்: "கண்ணுல விட்ட மருந்து தொண்டையில கசக்குதுடி." நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து இருமல். அது புகைமூட்டமான வாரம், அதனால்தான் என்று நினைத்துச் சன்னல்களை மூடினோம். தாளிக்கும்போது அம்மாவைச் சமையலறைப் பக்கம் வரவிடவில்லை. ஆறாம் நாள் இரவு சொட்டு விட்டு அரைமணி நேரம் இருக்கும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின, பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. நீலப் பம்பை இரண்டு தடவை அடித்தோம், பிறகு நான்கு, பிறகு எண்ணவில்லை. இத்தனை வருடத்தில் அது கைவிட்டதே கிடையாது. அன்று கைவிட்டது. ஆம்புலன்சுக்கு 995ஐக் கூப்பிட்டேன்.

அவசரப் பிரிவில் ஒரு மருந்தாளர் அம்மாவின் பையை அப்படியே மேசையில் கவிழ்த்தார். மாத்திரைகளை ஒதுக்கிவிட்டு அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இதை யார் கொடுத்தது?" என்று கேட்டார்.

டிமலால் (Timolol). பீட்டா பிளாக்கர் வகை மருந்து. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர் வடியும் சின்னக் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அம்மாவின் தொண்டைக் கசப்பு அதுதான். மூக்கின் உள்சவ்வு அதை நேராக ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலைத் தாண்டியாக வேண்டும், இதற்கு அந்தத் தடையும் இல்லை. ரத்தத்தில் கலந்த டிமலால், மூச்சுக்குழாயில் பீட்டா 2 என்ற இடத்தை அடைத்துக்கொள்கிறது. வென்டோலினில் இருக்கும் சால்புடமால் போய் வேலை செய்ய வேண்டிய இடமும் அதே பீட்டா 2தான். ஆக, இந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கவும் செய்யும், அதை விரிக்க வேண்டிய பம்பை உள்ளே விடாமல் தடுக்கவும் செய்யும். அன்று அம்மாவுக்கு வேறு வழியில் வேலை செய்கிற இப்ராட்ரோபியத்தையும் சேர்த்து நெபுலைசரில் கொடுத்த பிறகுதான் மூச்சிரைப்பு தணிந்தது.

இது யாருக்கும் தெரியாத புதுச் செய்தி இல்லை. டிமலால் கண் சொட்டு அமெரிக்காவில் 1978லேயே அனுமதி பெற்றது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், முன்பு இருந்தவர்களுக்கும் கொடுக்கக்கூடாது என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இருக்கிறது. இதனால் ஆஸ்துமாக்காரர்கள் இறந்ததாக வந்த தகவல்களையும் அந்த எச்சரிக்கை குறிப்பிடுகிறது. அதை எங்களுக்குக் கொடுத்தவர்கள் படித்திருக்க வேண்டாமா?

சரி, தவறு நடந்துவிட்டது, திருத்திக்கொள்வார்கள் என்று அங்கே திரும்பப் போனேன். "நீங்கள் சொல்லவில்லையே" என்றார்கள். கேட்கவில்லையே என்றேன். பாட்டில் காசு 38 வெள்ளியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, மாற்று மருந்து என்று வேறு பெயரில் ஒரு பெட்டியை நீட்டினார்கள். வீட்டுக்கு வந்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். டார்சோலமைட், அதற்குக் கீழே டிமலால். மறுபடியும் அதே மருந்து! என் கை நடுங்கியது. கோசாப்ட், கம்பிகன், கான்ஃபோர்ட், டுவோட்ராவ், சலாகாம், அசார்கா என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், இந்தக் கூட்டு மருந்துகள் எல்லாவற்றிலும் டிமலால் உண்டு. பெட்டியின் பெரிய எழுத்தைப் பார்த்தால் தெரியாது, அடியில் உள்ள சின்ன எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய்க் கண் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். கிளாக்கோமா வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும், போன பார்வை திரும்பி வராது. மூச்சு முட்டினால் உடனே 995. மற்றவர்கள் அடுத்த சொட்டுக்கு முன்னால் டாக்டரையோ மருந்தாளரையோ கூப்பிட்டு, "எனக்கு ஆஸ்துமா, பம்ப் இழுக்கிறேன், இதில் டிமலால் இருக்கிறதா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் "மருந்து சாப்பிடுறீங்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். இழுக்கிறது, ஊதுகிறது, ஒட்டுகிறது, சொட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

அம்மா இப்போது வேறொரு டாக்டரிடம் பார்க்கிறார். இரவில் ஒரு சொட்டு லட்டானோபிராஸ்ட் மட்டும், அது வேறு வகை. அழுத்தம் 17க்கு வந்திருக்கிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சுகாதார அமைச்சுக்கு எழுதிவிட்டேன். இரண்டு பாட்டில்களையும் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.