கிண்ணக் காளான் ஸ்லைடுக்கு எந்தத் துளி: தண்ணீரா, அயோடினா, சாயமா?

மக்கிய குச்சியில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒட்டியிருக்கும் கிண்ணக் காளானுக்கு வெறுங்கண்ணால் பார்த்துப் பெயர் வைக்க முடியாது. விதைபோல் காளானைப் பரப்பும் நுண்துகளான ஸ்போரையும், அதைச் சுமக்கும் ஆஸ்கஸ் பையையும் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். ஆனால் ஸ்லைடில் எந்தத் துளியை விடுகிறோமோ, அதற்கேற்பத்தான் அவை தெரியும்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலில் தொடங்குவது பலருக்குப் பழக்கம். உலர்ந்த மாதிரி அதில் சட்டென்று ஊறி விரியும், உண்மைதான். புது மாதிரிக்கு அது கெடுதல். செல் செத்துவிடும், ஸ்போருக்குள் தனித்தனியாக இருந்த எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாகிவிடும். மஞ்சள் நிறக் காலிசினா சிட்ரினாவின் ஸ்போரில் முனைக்கு ஒன்றாக இரண்டு துளிகள் இருக்கும். இப்படிப்பட்ட அடையாளத்தைத் தண்ணீரில், உயிரோடு இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்கஸ் பைகளுக்கு இடையே நிற்கும் பாரஃபைசிஸ் இழைகளுக்குள் மினுங்கும் குமிழ்களும் அப்படித்தான், செல் செத்ததும் காணாமல் போகும்.

அடுத்தது அயோடின்: ஆஸ்கஸ் நுனி நிறம் மாறுகிறதா என்று பார்க்க. அதில் மெல்சர் கரைசலா, லூகால் கரைசலா என்றால் என் ஓட்டு லூகாலுக்கு. ஆஸ்கஸ் நுனி நீலமானால் இரண்டிலும் தெரியும். சில இனங்களின் நுனியோ லூகாலில் செந்நிறமாகும், மெல்சரில் நிறமே காட்டாது. மெல்சரில் உள்ள குளோரல் ஹைட்ரேட் அந்த வினையை அமுக்கிவிடுகிறது. மெல்சர் மட்டும் வைத்திருப்பவர் 'வினை இல்லை' என்று எழுதிவிட்டு, இனத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க உதவும் அடையாளச் சாவியில் தப்பான கிளையில் போய்விடுவார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, கழுவி, பிறகு லூகால் விட்டால் அதே நுனி நீலமாகும். ஆகவே முதலில் நேரடியாக, அடுத்து ஊறவைத்து என இரண்டு தடவை பார்க்கவேண்டும். லூகால் செய்ய 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைப் போட்டு, கரைந்த பின் 100 மில்லியாக்குங்கள். வெறும் தண்ணீரில் அயோடின் சரியாகக் கரையாது.

ஸ்குட்டெல்லினியா போன்ற, ஓரத்தில் கண்ணிமை முடி வைத்த சிவப்புக் கிண்ணங்களுக்கு அயோடின் அதிகம் உதவாது. அங்கே தீர்ப்பு ஸ்போர் மேற்பரப்பில். தண்ணீரில் வழவழப்பாகத் தெரிந்த ஸ்போர், லாக்டிக் அமிலத்தில் கலந்த காட்டன் ப்ளூ சாயத்தில் லேசாகச் சூடாக்கியதும் மருக்களையும் முட்களையும் காட்டும். கொதிக்க விடாதீர்கள், குமிழி வந்து துண்டு ஓடிவிடும். நம் கல்லூரி ஆய்வகங்களில் கிடைக்கும், ஃபீனாலும் சேர்ந்த லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூவைச் சூடாக்கினால் ஃபீனால் ஆவி மூக்கில் ஏறும். இதையெல்லாம்விடப் பெரிய தவறு, ஆஸ்கஸுக்குள் இருக்கும் பிஞ்சு ஸ்போரைப் பார்த்து 'மரு இல்லை' என்று முடிவு கட்டுவது. கிண்ணத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து மூடி, தானாக உதிர்ந்த ஸ்போரை எடுங்கள். குறைந்தது 20 ஸ்போர்களையாவது 100 மடங்கு ஆயில் லென்ஸில் அளங்கள். மருவின் உயரத்தைச் சேர்க்காதீர்கள்.

ஸ்போரே கைவிடும் இடமும் உண்டு. ஐரோப்பாவில் ஆஷ் மரங்களைச் சாகடிக்கும் ஹைமெனோசைஃபஸ் ஃபிராக்சினியஸும், அதே மரத்தின் இலைக்காம்பில் வளரும் தீங்கில்லாத ஹைமெனோசைஃபஸ் ஆல்பிடஸும் ஸ்போரில் ஏறக்குறைய ஒன்றே. பிரித்துக் காட்டுவது ஆஸ்கஸின் அடிப்பகுதி: முன்னதில் கொக்கி போன்ற வளைவு இருக்கும், பின்னதில் இருக்காது. அதைப் பார்க்க, மேலே ஒதுக்கிவைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும். அதில் நசுக்கிக் காங்கோ ரெட் சாயம் ஏற்றினால் வளைவு துலங்கும். அயோடின் சோதனைக்கு மட்டும் வேறு துண்டு எடுங்கள். காங்கோ ரெட் பட்ட துண்டில் நீலத்தை நம்ப முடியாது.