முதுகெலும்பில் புற்று பரவியதா? எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக முதுகுவலி. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது. எலும்பின் தாதுச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை கண்ணில் படும். நேராக எடுத்த படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு கண்கள் மாதிரி இரண்டு வட்டங்கள் தெரியும். ஒரு வட்டத்தைப் புற்று அரித்துவிட்டால், ரேடியாலஜிஸ்ட்கள் அதைக் 'கண்ணடிக்கும் ஆந்தை' என்பார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆந்தை கண்ணடிக்கும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

நிஜமான போட்டி போன் ஸ்கேன் எனப்படும் எலும்பு ஸ்கேனுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும்தான். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றி, மூன்று மணி நேரம்போல விட்டு எடுப்பது போன் ஸ்கேன். தலை முதல் கால் வரை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். ஆனால் அது புற்றைப் பார்ப்பதில்லை. அரிபட்ட இடத்தை எலும்பு பூசி அடைக்கிற வேலையைத்தான் பார்க்கிறது. அதனால் மூட்டுத் தேய்மானமும் பழைய முறிவும்கூடப் பளிச்சென்று தெரியும். எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் மைலோமா என்ற புற்றில் அந்தப் பூச்சு வேலையே சரியாக நடப்பதில்லை, ஸ்கேனும் பல நேரம் சும்மா இருந்துவிடும். சிகிச்சை பலித்து எலும்பு ஆறும்போது படம் முன்பைவிட மோசமாகத் தெரிவதும் உண்டு!

எம்.ஆர்.ஐ. மஜ்ஜையையே பார்க்கிறது. பெரியவர்களின் மஜ்ஜையில் இருக்கும் கொழுப்பு, டி1 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெளுப்பாகத் தெரியும். புற்று புகுந்த இடம் கறுத்துவிடும். பக்கத்து டிஸ்க்கைவிடக் கறுப்பாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. எலும்பு கரைவதற்கு முன்பே இது பிடிபடும். தண்டுவடம் நெரிபடுவதும் இதில்தான் தெளிவாகத் தெரியும். கால் தடுமாறுகிறது, மரத்துப்போகிறது, சிறுநீர் கழிக்க முடியவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். அதுவும் வலிக்கிற இடத்தை மட்டும் எடுத்தால் போதாது, முதுகெலும்பு முழுவதும் வேண்டும். பரவல் பெரும்பாலும் ஓர் இடத்தோடு நிற்பதில்லை. முதுகுவலியோடு அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருப்பது கஷ்டம்தான், சில பேஸ்மேக்கர்களோடு உள்ளே போகவும் முடியாது. இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

அப்புறம் பெட்-சி.டி. புற்றணுக்கள் சர்க்கரையை விழுங்குவதை வைத்து உடம்பு முழுக்கத் தேடும். நுரையீரல் புற்றுக்கு நன்றாக உதவும். புரோஸ்டேட் புற்று எலும்பைக் கெட்டியாக இறுக்கும்போது சர்க்கரைப் பெட் அடிக்கடி ஏமாற்றும், அதற்குப் புரோஸ்டேட் புற்றணுக்களின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட்தான் சரி.

வெறும் சி.டி.க்கும் வேலை இருக்கிறது. மஜ்ஜைக்குள் ஆரம்பக்கட்டப் பரவலை அது கோட்டைவிடலாம். ஆனால் எலும்பு நொறுங்குமா, அறுவை சிகிச்சையில் ஸ்க்ரூ பிடிக்குமா என்று சொல்வது அதுதான். சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி ஊசி சரியான இடத்துக்குப் போவதும் பெரும்பாலும் சி.டி.யின் துணையோடுதான்.