திரையோரத்தில் ஒரு மானி: ரெயின்மீட்டரை ஓராண்டு பயன்படுத்திய பின்

நூல்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்கிறவர்களுக்குக் கணினி மூச்சுத் திணறும் கணம் நன்றாகத் தெரியும். நிழற்படங்கள் நிறைந்த முந்நூறு பக்கக் கோப்பு திறந்திருக்கும், பின்னால் உலாவியில் பத்துப் பதினைந்து தாவல்கள் இருக்கும், அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய பிடிஎஃப் உருவாகிக்கொண்டிருக்கும். அப்போது கர்சர் அப்படியே நின்றுவிடும். என்ன நடக்கிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அது திறப்பதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும்; திறந்து முடிக்கும்போது நெருக்கடி கடந்துபோயிருக்கும், காரணமும் மறைந்திருக்கும். எட்டு ஜிபி நினைவகம் கொண்ட என் கணினியில் இது அன்றாடம் நடந்தது. எனக்குத் தேவைப்பட்டது, தேடித் திறக்காமலே எப்போதும் கண்ணில் படும்படி இருக்கும் ஒரு மானி. அந்தத் தேவைக்காகத்தான் ரெயின்மீட்டரை நிறுவினேன். ஓராண்டாக அது என் திரையின் வலது ஓரத்தில் இருக்கிறது.

ரெயின்மீட்டர், கணினியின் நிலையைத் திரையிலேயே காட்டும், விண்டோஸில் மட்டும் இயங்கும் சிறு மென்பொருள். 2001-இல் கிம்மோ பெக்கோலா எழுதத் தொடங்கியது; இன்று ஜிபிஎல் உரிமத்தின் கீழ், நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய திறந்த மூலமாகத் தன்னார்வலர்களால் பராமரிக்கப்படுகிறது. கட்டணமோ விளம்பரமோ கிடையாது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-இலும் மைக்ரோசாஃப்டே இதே வேலைக்காகக் கேட்ஜெட்டுகள் என்ற சிறு கருவிகளைக் கொடுத்திருந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். பாதுகாப்புக் குறைகளைக் காரணம் காட்டி 2012-இல் அவற்றை முடக்கிவிடுமாறு அந்நிறுவனமே அறிவுறுத்தியது. விண்டோஸ் 8-இல் அவை நீக்கப்பட்டன. அந்த இடம் காலியானபின் மாற்றுத் தேடிய பலர் வந்து சேர்ந்த இடங்களில் ரெயின்மீட்டரும் ஒன்று.

நிறுவி சில எம்பி அளவுதான். நிறுவும்போதே வழக்கமான முறையா, யுஎஸ்பியில் எடுத்துச் செல்லக்கூடிய முறையா என்று கேட்கும். இரண்டாவது முறையில் அமைப்புக் கோப்புகள் அனைத்தும் அதே கோப்புறைக்குள் இருந்துவிடுவதால், சொந்தக் கணினி இல்லாமல் அலுவலகக் கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு அது வசதி. நிறுவி முடித்ததும் இலஸ்ட்ரோ என்ற இயல்பான தொகுப்பு திரைக்கு வரும். அதில் கடிகாரம், வட்டுகளில் உள்ள இடம், ப்ராசஸர் மற்றும் நினைவகப் பயன்பாடு ஆகியவை அளவான கரும்பட்டைகளாக இருக்கும். பலர் இதைப் பார்த்ததும் மூடிவிட்டு, கண்ணைப் பறிக்கும் தோற்றங்களைத் தேடி இணையத்துக்குப் போய்விடுகிறார்கள். இலஸ்ட்ரோவோடு ஒரு வாரமாவது இருந்து பார்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. எந்த எண் நமக்கு உண்மையில் பயன்படுகிறது, எது வெறும் அலங்காரம் என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். எனக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. டாஸ்க்பாரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. நினைவக எண் இல்லாமல் இப்போது வேலை செய்ய முடியாது.

ரெயின்மீட்டரின் உள்ளமைப்பு எளிமையானது, அந்த எளிமையில்தான் அதன் வலிமை இருக்கிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்கின். ஒவ்வொரு ஸ்கின்னும் ஆவணங்கள் கோப்புறைக்குள் கிடக்கும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. அந்தக் கோப்பில் இரண்டு வகை உறுப்புகள் முக்கியமானவை. மெஷர் என்பது அளப்பது: ப்ராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, நொடிக்கு எவ்வளவு தரவு இறங்குகிறது என்பவற்றை அது எண்ணாகத் தரும். மீட்டர் என்பது காட்டுவது: அந்த எண்ணை எழுத்தாகவோ பட்டையாகவோ கோட்டு வரைபடமாகவோ வட்டமாகவோ வரையும். அளப்பதையும் காட்டுவதையும் பிரித்து வைத்திருப்பதால் ஒரே அளவை இரண்டு விதமாகக் காட்டலாம், ஒன்றைக் குலைக்காமல் மற்றதை மாற்றலாம். நிரல் எழுதிப் பழக்கமில்லாத நான் மூன்று மாலைப் பொழுதுகளில் என் சொந்த ஸ்கின்னை எழுதி முடித்தேன். கோப்பைத் திருத்திச் சேமித்து, ஸ்கின்னைப் புதுப்பித்தால் மாற்றம் உடனே தெரியும். பிழை இருந்தால் ரெயின்மீட்டரின் நிகழ்வுப் பதிவில் (லாக்) பெரும்பாலும் காரணம் எழுதப்பட்டிருக்கும்.

தமிழில் எழுத நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் நான் ஒரு மாலை முழுவதையும் இதில்தான் இழந்தேன். ‘நினைவகம்’ என்று ஸ்கின் கோப்பில் தட்டச்சு செய்து சேமித்தபோது திரையில் வந்தவை புரியாத குறிகள். எழுத்துகளைக் கணினி எண்களாகப் பதியும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். நோட்பேட் இப்போது இயல்பாகக் கோப்புகளை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கிறது. ரெயின்மீட்டரோ தமிழ் போன்ற ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகள் உள்ள ஸ்கின் கோப்புகளை யுடிஎஃப்-16 எல்இ குறியாக்கத்தில் எதிர்பார்க்கிறது. ‘வேறு பெயரில் சேமி’ சாளரத்தின் கீழ்ப்பகுதியில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் எழுத்துகள் சரியாக வந்துவிட்டன. எழுத்துருவாக நிர்மலா யுஐ போதும். விண்டோஸ் 8 முதல் அது கணினியோடே வருகிறது. ஆனால் தமிழ் எழுத்துகளின் மேல்விலங்கும் கீழ்விலங்கும் ஆங்கில எழுத்துகளைவிடக் கூடுதல் உயரம் கேட்பதால், பிறர் எழுதிய ஸ்கின்களில் பெயர்களை மட்டும் தமிழாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும். வரி உயரத்தை நாமே சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைச் செய்தபின் ‘ப்ராசஸர்’, ‘நினைவகம்’, ‘வட்டு’, ‘இணையம்’ என்று நான்கு தமிழ் வரிகள் திரையோரத்தில் நிற்பதைப் பார்க்கையில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. நாள்தோறும் தமிழை அடுக்கிக் கொடுக்கிற கணினி, தன் நிலையையும் தமிழில் சொல்கிறது.

அளப்பதோடு நின்றிருந்தால் இது பாதிப் பயன்தான். எந்த மீட்டரின் மீதும் மவுஸ் சொடுக்கினால் நடக்க வேண்டிய செயலை ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்தச் செயல் ஒரு மென்பொருளைத் திறப்பதாக இருக்கலாம், ஒரு கோப்புறையைத் திறப்பதாக இருக்கலாம், ஓர் இணைய முகவரியாகவும் இருக்கலாம். என் ஸ்கின்னில் ‘வட்டு’ என்ற சொல்லைச் சொடுக்கினால் நடப்பில் உள்ள நூலின் கோப்புறை திறக்கும். ‘நினைவகம்’ என்பதைச் சொடுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதற்குக் கீழே ‘காலை வேலை’ என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். ஒரு சொடுக்கில் வடிவமைப்பு மென்பொருள், அகராதி, தட்டச்சுக் கருவி மூன்றும் அடுத்தடுத்துத் திறக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் மூன்றும் ஒரே நேரத்தில் திறக்க முயன்றால் எதுவுமே விரைவில் திறக்காது. எனவே ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நொடி இடைவெளி விடும் கட்டளையைச் சேர்த்தேன். டெஸ்க்டாப்பில் இறைந்து கிடந்த இருபதுக்கும் மேற்பட்ட குறுக்குவழிப் படங்களை இதன்பிறகு ஒவ்வொன்றாக நீக்கினேன். டாஸ்க்பாரில் பொருத்தி வைப்பதும் இதே வேலையைச் செய்யும் என்று சிலர் சொல்லக்கூடும். மென்பொருளைத் திறப்பதற்கு முன் நினைவகத்தில் இடமிருக்கிறதா என்பதை அதே இடத்தில் பார்த்துவிட்டுச் சொடுக்குகிறோம் என்பதுதான் வேறுபாடு. பெரிய கோப்புகளோடு வேலை செய்கிறவர்களுக்கு அது சிறிய வேறுபாடு அல்ல.

இந்த மானி எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்த செய்திகளையும் சொல்ல வேண்டும். ப்ராசஸரின் சராசரியை மட்டுமல்லாமல் அதிலுள்ள ஒவ்வொரு மையத்தையும் (கோர்) தனித்தனியாகக் காட்டச் சொல்லலாம். நான்கு மையங்கள் கொண்ட கணினியில் ஒரு வேலை ஒரே மையத்தை மட்டும் முழுவதும் பிடித்துக்கொண்டால் சராசரி 25 விழுக்காடாகத்தான் தெரியும். கணினி சும்மா இருப்பதாக நாம் எண்ணிக்கொள்வோம். தனித்தனிப் பட்டைகளாக மாற்றிய பிறகுதான், என் பிடிஎஃப் உருவாக்கம் மெதுவாக நடப்பதற்கு நினைவகம் காரணமல்ல, அந்த வேலை ஒரு மையத்திலேயே ஓடுவதுதான் காரணம் என்று விளங்கியது. நினைவகத்துக்குப் பணம் செலவழிக்க இருந்தேன். அந்த எண்ணத்தை விட்டேன். மற்றொன்று, யூசேஜ் மானிட்டர் என்ற உடன்வரும் செருகுநிரல் (ப்ளக்இன்). மிக அதிகமாக வளங்களை எடுத்துக்கொள்ளும் மென்பொருளின் பெயரை அது வரிசைப்படி காட்டும். கோப்புகளை இணையத்தில் ஒத்திசைக்கும் ஒரு மென்பொருள், நான் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் முழு நூலையும் மறுபடி மேலேற்றிக்கொண்டிருந்ததை இந்த வரி காட்டிக்கொடுத்தது. நினைவகம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் எண் சிவப்பாக மாறும்படி ஒரு நிபந்தனையும் எழுதியிருக்கிறேன். சிவப்பைக் கண்டதும் கோப்பைச் சேமித்துவிட்டு உலாவியை மூடுவது இப்போது கைப்பழக்கமாகிவிட்டது.

எண்களைப் படிப்பதில் இரண்டு குழப்பங்கள் வரும். ரெயின்மீட்டர் காட்டும் ப்ராசஸர் விழுக்காடும் டாஸ்க் மேனேஜர் காட்டுவதும் எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை. விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜர் ப்ராசஸரின் வேகம் கூடுவதையும் குறைவதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது; விண்டோஸ் 11-க்கு 2025-இல் வந்த புதுப்பிப்பு இந்தக் கணக்கை மாற்றியது. ரெயின்மீட்டரின் வழக்கமான மெஷர் ப்ராசஸர் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதை மட்டும் கணக்கிடுகிறது. இரண்டும் பிழையல்ல. அடுத்தது இணைய வேகம். இணைப்பு நிறுவனங்கள் பிட் கணக்கில் விற்கின்றன, இந்த மானி பைட் கணக்கில் அளக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் நொடிக்கு 12 எம்பி காட்டினால் இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது.

குறைகள் உண்டு. வெப்பநிலையை அது தானாக அளக்காது. கோர் டெம்ப் போன்ற வேறொரு மென்பொருள் பின்னணியில் ஓட வேண்டும், அதிலிருந்துதான் எண்ணை வாங்கிக் காட்டும். கோடையில் மடிக்கணினி கொதிக்கிற ஊர்களில் இது பெரிய குறை என்றே கருதுகிறேன். ஸ்கின்கள் பிக்சல் கணக்கில் எழுதப்படுவதால், விண்டோஸில் திரை அளவீட்டை 150 விழுக்காடாக வைத்திருக்கும் உயர் தெளிவுத் திரைகளில் எழுத்துகள் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறுத்துவிடும். அளவை மாற்ற வசதி வைத்து எழுதப்பட்ட ஸ்கின்னாக இருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் ஒவ்வொரு எண்ணையும் நாமே திருத்த வேண்டும். இழுத்துப் போட்டு வடிவமைக்கும் கருவி எதுவும் உடன் வருவதில்லை. உரைக் கோப்பைத் திறக்கவே தயங்குகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. வீட்டுப் பெரியவர்களின் கணினியில் நான் இதை நிறுவிக் கொடுக்கமாட்டேன்.

பிறர் எழுதிய ஸ்கின்களை இறக்கும்போது எச்சரிக்கை வேண்டும், அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, சொடுக்கினால் மென்பொருளைத் திறக்கும் அதே ஆற்றல் தீங்கான கட்டளையையும் ஓட்ட முடியும். ஸ்கின் தொகுப்புகளுக்குள் செருகுநிரல்களும் சேர்ந்து வரலாம். அவற்றைப் படத்தைப்போல எண்ணாமல் ஒரு மென்பொருளைப்போலவே எண்ணி, நம்பகமான இடத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாவது, அழகுக்காக எழுதப்பட்ட பல ஸ்கின்கள் கணினியின் வளங்களைத் தாமே விழுங்குகின்றன. இயல்பாக ஒரு ஸ்கின் 1000 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பிக்கிறது. பாட்டுக்கேற்ப அலை எழுப்பும் ஸ்கின்களில் இந்த இடைவெளியைப் பல மடங்கு குறைத்துவிடுகிறார்கள். அப்படி ஒன்றை இறக்கிப் போட்ட அன்று என் ப்ராசஸர் எண் வேலை ஏதும் இல்லாதபோதே ஏறி நின்றது. அளக்கும் கருவியே சுமையாகலாகாது. என் ஸ்கின்னில் ப்ராசஸரும் நினைவகமும் இரண்டு நொடிக்கு ஒருமுறை, வட்டின் இடம் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறேன். இந்த அளவில் ரெயின்மீட்டர் எடுத்துக்கொள்ளும் நினைவகம் ஒரே ஓர் உலாவித் தாவலைவிடக் குறைவு.

லினக்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு இது கிடைக்காது. ஜிக்ரெல்லெம் என்ற பழைய கருவி அங்கே மானியாகவும் சொடுக்கினால் கட்டளையை ஓட்டுவதாகவும் ஏறத்தாழ இதே பணியைச் செய்கிறது.

நிறுவ முடிவெடுத்தவர்களுக்கு இரண்டு அமைப்புகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்கின்னின் இடத்தை ‘எப்போதும் மேலே’ என்று வைத்தால் வடிவமைப்பு மென்பொருளின் கருவிப்பட்டையை அது மறைக்கும். ‘டெஸ்க்டாப்பின் மீது’ என்று வைத்தால் முழுத்திரைச் சாளரத்துக்குப் பின்னால் போய்விடும். நான் முதலாவதைத் தேர்ந்து, ஒளிபுகும் அளவைக் கூட்டி, சாளரத்தின் அகலத்தை ஒரு விரல்கடை குறைத்துக்கொண்டேன். இரண்டாவது திரையை அவ்வப்போது பொருத்திக் கழற்றுகிறவர்கள் ஒவ்வோர் ஏற்பாட்டையும் தனித்தனி லேஅவுட்டாகச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் திரையைக் கழற்றிய மறுநாள் காலையில் ஸ்கின் எங்கே போனது என்று தேட நேரும்.