ஒரே என்ஏடிக்கு இரண்டு பேர்: பார்ப்-1, சர்ட்-1

செல் சர்க்கரையை எரிக்கும்போது என்ஏடி (NAD) என்ற சிறு மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கும், கொடுக்கும், மறுபடி வாங்கும். எத்தனை முறை புழங்கினாலும் தீர்ந்துபோகாது. உட்கருவுக்குள் போனால் கதை வேறு. அங்கே பார்ப்-1, சர்ட்-1 என்ற இரண்டு நொதிகளிடம் சிக்கினால் அது உடைந்தே போகிறது.

சர்ட்-1 நிதானமாகச் செலவு செய்யும். டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தில், லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சிறு வேதித் துண்டைக் கழற்றுவது அதன் வேலை. ஒரு அசிட்டைலுக்கு ஒரு என்ஏடி. அசிட்டைல் போனதும் லைசினின் நேர்மின்னூட்டம் திரும்பிவிடும், டிஎன்ஏ ஹிஸ்டோனோடு இறுகும், அங்குள்ள மரபணு அடங்கும். பட்டினியில் ஈரலில் என்ஏடி ஏறும்போது இதன் கை ஓங்கும். செல்லின் பசி மரபணு வரை எட்டுவது இந்த வழியில்தான்.

பார்ப்-1 சும்மா இருக்கும்போது கிட்டத்தட்டத் தூக்கம். டிஎன்ஏ இழை அறுந்தால் சில நொடிகளில் அங்கே இருக்கும். ஒரு என்ஏடியைப் பிடித்து, அதன் ஒரு பகுதியான நிகோடினமைடைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தன் மேலேயே கோக்கும். அப்புறம் அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று. சங்கிலி 200 கண்ணி வரைகூடப் போகும். அதைப் பற்றிக்கொண்டுதான் எக்ஸ்ஆர்சிசி-1 போன்ற பழுதுபார்க்கும் புரதங்கள் வந்து சேர்கின்றன.

இருவரும் மோதினால் பெரும்பாலும் பார்ப்-1 பக்கம்தான் வெற்றி. குறைந்த என்ஏடியே அதற்குப் போதும். போதாததற்கு, அது பிய்த்துப்போடும் நிகோடினமைடு சர்ட்-1ஐ மந்தமாக்குகிறது. பார்ப்-1 இல்லாத எலிகளில் என்ஏடியும் சர்ட்-1 செயல்பாடும் கூடியதை 2011இல் காட்டினார்கள்.

சரி, பார்ப்-1ஐ அடைத்துவிட்டால் லாபமா? சர்ட்-1க்கு 'இளமை நொதி' என்று கிடைத்த விளம்பரத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எனக்கு ஒப்பவில்லை. சேதம் அளவு மீறினால் பார்ப்-1 என்ஏடியை வழித்தெடுத்துச் செல்லையே சாகடிக்கும், உண்மைதான். ஆனால் அதை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014இல் ஒப்புதல் பெற்ற, பார்ப்பை அடைக்கும் ஓலபரிப் என்ற புற்றுநோய் மருந்தே சாட்சி. பிஆர்சிஏ மரபணு பழுதான சினைப்பைப் புற்றுச்செல்களுக்கு இரட்டை இழை முறிவைப் பிழையின்றிச் சரிசெய்யும் வழி ஏற்கெனவே இல்லை. பார்ப்பும் முடங்கினால் டிஎன்ஏ பழுது சரியாகாமல் அவை மடிகின்றன.

இன்னொரு வேடிக்கை: சர்ட்-1இன் உடன்பிறப்பான சர்ட்-6, ஆக்சிஜனேற்ற நெருக்கடியில் பார்ப்-1ஐயே முடுக்கிவிடுகிறது.