அமெரிக்க மத்திய மேற்கின் நான்கு சிறு கல்லூரிகள்: அமைவிடம் பற்றிய ஒரு மதிப்பீடு

என் மகளுக்காக அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் உள்ள சிறு கல்லூரிகளைப் பார்த்தபோது, பாடத்திட்டத்தையும் கல்வி உதவித்தொகையையும் ஒப்பிடுவது எளிதாகவே இருந்தது. கல்லூரி அமைந்துள்ள ஊரை எப்படி எடைபோடுவது என்பதற்குத்தான் தெளிவான விடை கிடைக்கவில்லை. கோலாலம்பூரில் நாங்கள் அணுகிய முகவர் ஒருவர், ஐயோவா மாநிலத்துக் கிரின்னல் கல்லூரி சிகாகோவுக்குப் பக்கத்தில்தான் என்றார். இரண்டுக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கிருந்து பினாங்குக்குப் போகும் தூரத்தைவிட அது அதிகம். எனவே மெக்கலஸ்டர், கார்ல்டன், நாக்ஸ், கிரின்னல் ஆகிய நான்கையும் அமைவிடத்தை மட்டும் வைத்து மதிப்பிடுகிறேன். சொந்தக் கார் இல்லாத 18 வயதுப் பிள்ளை, பிப்ரவரி மாதக் குளிரில், யாரையும் எதிர்பார்க்காமல் எங்கெல்லாம் போய்வர முடியும் என்பதே என் அளவுகோல்.

அந்த அளவுகோலில் மினசோட்டாவின் தலைநகரான செயின்ட் பாலில் உள்ள மெக்கலஸ்டருக்கே முதலிடம். வளாகத்தின் ஓரமாகச் செல்லும் ஸ்னெல்லிங் சாலையில் துரிதப் பேருந்து ஓடுகிறது. அதில் ஏறி இலகு ரயிலுக்கு மாறினால் விமான நிலையம் வரையிலும் போய்விடலாம். சுற்றிலும் வீடுகளும் கடைகளும் நிறைந்த அமைதியான குடியிருப்புப் பகுதி என்பதால் நகரத்தின் இரைச்சலும் இல்லை. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அனான் 1961இல் பட்டம் பெற்றது இங்கேதான் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எங்கள் தேர்வுக்கு அது பொருட்டல்ல.

கார்ல்டன் இருக்கும் நார்த்ஃபீல்டு, சுமார் 20,000 பேர் வாழும் ஊர். மினியாபொலிஸ் விமான நிலையத்திலிருந்து அதன் தூரம், கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.விலிருந்து நம் நகர மையத்துக்கு உள்ள தூரம்தான். ஆனால் நமக்கு ரயில் இருக்கிறது, அங்கே கிடையாது. செயின்ட் ஓலாஃப் கல்லூரியும் அதே ஊரில் இருப்பதால், கடைத்தெருவில் மாணவர் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. நாக்ஸ் கல்லூரி இலினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க்கில் உள்ளது. வளாகத்திலிருந்து நடந்தே நிலையத்துக்குப் போய், ஆம்ட்ராக் ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் சிகாகோ. இந்த ஒரு வசதியைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கிரின்னல்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. 10,000 பேர்கூட இல்லாத ஊர். சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் வயல்கள். வளாகத்தின் ஊடாகச் சரக்கு ரயில் போகிறது, பயணிகள் ரயில் இல்லை. டி மொயின் நகரத்துக்குச் சாலைவழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். என் அளவுகோலின்படி இது கடைசி இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் போவதற்கு வேறிடம் இல்லாததால் வார இறுதியில் வளாகம் காலியாவதில்லை. பெரும்பாலோர் நான்கு ஆண்டுகளும் கல்லூரி விடுதிகளிலேயே தங்குகிறார்கள். கல்லூரியின் அறக்கட்டளை நிதி 200 கோடி டாலருக்கு மேல் இருப்பதால், நகரத்தில் தேடிப்போக வேண்டிய கச்சேரிகளையும் சொற்பொழிவுகளையும் வளாகத்துக்கே வரவழைக்க அதனால் முடிகிறது. தானாகப் போய்ப் பிறரோடு பழகும் பிள்ளைக்கு, மெக்கலஸ்டரைவிட இந்த ஊரில்தான் நட்பு விரைவாக அமையும் என்பது என் கணிப்பு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை அங்கே அனுப்ப நான் தயங்குவேன்.

நகரத்தில் இருந்தால் பகுதி நேர வேலை கிடைக்கும் என்று நம் பெற்றோர்கள் சொல்வது முதலாண்டில் பொருந்தாது. எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் செல்பவர் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி இல்லை. உள்ளேயும் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. பயிற்சி வேலை தேடும் பின்னாண்டுகளில்தான் நகரம் உண்மையில் கைகொடுக்கும்.

குளிரைப் பொறுத்தவரை நான்குக்கும் இடையே தேர்ந்தெடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை, மினசோட்டாவில் கொஞ்சம் கூடுதல் என்பதைத் தவிர. செயின்ட் பாலில் டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணி வரை வெளிச்சத்துக்குப் பழகிய நம் பிள்ளைகளுக்குப் பனியைவிட இந்த இருட்டுத்தான் சிரமமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊரைப் போலவே கல்வி நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். கார்ல்டனிலும் நாக்ஸிலும் ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிந்திருப்பதால், முதல் பருவம் நவம்பரிலேயே முடிந்து ஜனவரித் தொடக்கம் வரை விடுமுறை கிடைக்கிறது; கோலாலம்பூருக்கு வந்து திரும்ப அந்த இடைவெளி தாராளமாகப் போதும். விடுமுறையில் அங்கேயே தங்க நினைப்பவர்கள், அந்த வாரங்களில் விடுதியும் உணவுக்கூடமும் திறந்திருக்குமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதைச் சேர்க்கைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே கல்லூரிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே பெற்றுக்கொள்வது நல்லது.