லண்டன் சுரங்க ரயில்: சிவப்பா, மஞ்சளா?

லண்டனில் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நாட்டிங் ஹில் கேட் போக இரண்டு வழி. வரைபடத்தில் சிவப்பாக ஓடுவது சென்ட்ரல் லைன், மஞ்சள் சர்க்கிள் லைன். எதில் போனாலும் இறங்குவது 11-வது நிறுத்தம்தான். கட்டணமும் ஒன்றே.

அவசரம் என்றால் சிவப்புதான், பேச்சே இல்லை. ஒரு வண்டி போனால் இரண்டு மூன்று நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். நடுவில் மாறவும் வேண்டாம். சர்க்கிள் வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான். பெயர் வட்டம் என்றாலும் 2009 முதல் அது முழு வட்டம் அடிப்பதில்லை. எட்ஜ்வேர் ரோட்டில் இறங்கி மாற வேண்டும். நல்லவேளை, அங்கே வரை ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி வண்டிகளும், அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் வண்டிகளும் கைகொடுக்கும்.

ஆனால் கோடைக்காலத்தில் என் ஓட்டு மஞ்சளுக்கு. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. சென்ட்ரல் லைன் 1900-இல் திறந்தது. களிமண்ணை ஆழத்தில் குடைந்து போட்ட குழாய், விட்டம் சுமார் மூன்றரை மீட்டர்தான். ரயிலும் அதற்கேற்பக் குறுகல். கதவோரம் நிற்கும் உயரமானவர் தலையைச் சாய்த்தே நிற்க வேண்டும். குடைந்த காலத்தில் அந்தக் களிமண் 14 டிகிரி குளிர்ச்சியில் இருந்தது. மோட்டாரும் பிரேக்கும் விட்ட சூட்டை நூறு வருஷத்துக்கு மேல் வாங்கி வாங்கி, இப்போது அதுவே சூடேறிக் கிடக்கிறது. வண்டியில் ஏசி இல்லை. வைத்தாலும் அது வெளியே தள்ளும் சூடு அதே குழாய்க்குள்தானே சுற்றும்?

மஞ்சள் பாதை வேறு வகை. தெருவை வெட்டி, பள்ளத்தில் தண்டவாளம் போட்டு, மேலே மூடினார்கள். ஃபாரிங்டன் முதல் பேடிங்டன் வரையான பகுதி 1863 ஜனவரி 10 அன்று திறந்த உலகின் முதல் சுரங்க ரயில். அன்று ஓடியது நீராவி இன்ஜின், அதனால் புகை போக ஆங்காங்கே திறந்தவெளி விட்டார்கள். லீன்ஸ்டர் கார்டன்ஸில் 23, 24-ஆம் எண் வீடுகள் அப்படியொரு திறப்பை மறைக்கக் கட்டிய வெறும் முகப்புகள். பேடிங்டன் தாண்டியதும் அவற்றின் பின்னால்தான் போவோம். புகைக்காக விட்ட இடமும் அகலமும் இன்று ஏசி வைத்த பெரிய வண்டிகளுக்கு உதவுகின்றன. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உள்ளேயே நடக்கலாம்.

அப்புறம், பேக்கர் ஸ்ட்ரீட்டில் அந்த 1863 செங்கல் வளைவுகளைப் பார்க்கத் தவறாதீர்கள்.

நாட்டிங் ஹில் கேட்டில் சிவப்பில் வந்தவர் எஸ்கலேட்டர் ஏறி மேலே வர வேண்டும். மஞ்சளில் வந்தவர் கண்ணாடிக் கூரையின் கீழ், பகல் வெளிச்சத்திலேயே இறங்குவார்.