தோலை அளப்பதா, வாழ்க்கையைக் கேட்பதா?

சொரியாசிஸ் என்னும் தோல் நோயின் தீவிரத்தை அறிய இரண்டு அளவுகோல்கள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று 1978-இல் வந்த பி.ஏ.எஸ்.ஐ. (PASI), அதாவது நோயின் பரப்பையும் கடுமையையும் அளக்கும் குறியீடு. தலை, கைகள், உடம்பு, கால்கள் என்று பிரித்து, சிவப்பு, தடிப்பு, செதில், பரவிய அளவு பார்த்து 0 முதல் 72 வரை மதிப்பெண் போடுவார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல கருவி.

மற்றது 1994-இல் வந்த டி.எல்.க்யூ.ஐ. (DLQI), தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் வினாத்தாள். கடந்த ஒரு வாரத்தைப் பற்றிப் பத்தே கேள்விகள். கூச்சமாக இருந்ததா, உடுத்தும் உடையை மாற்ற வேண்டியிருந்ததா, தாம்பத்தியத்தில் சிக்கல் வந்ததா? களிம்பு பூசுவதே தொல்லையாகிவிட்டதா என்றுகூடக் கேட்கிறது. மொத்தம் 30 மதிப்பெண்ணில் 10-ஐத் தாண்டினால் பாதிப்பு மிகப் பெரிது.

இரண்டும் ஒத்துப்போக வேண்டியதில்லை. உள்ளங்கையிலும் நகத்திலும் மட்டும் நோய் உள்ளவருக்கு முதல் அளவில் எண் குறைவாகவே வரும். நகம் அதில் கணக்கிலேயே சேராது. ஆனால் அவர் கைகுலுக்கத் தயங்குகிறார், காசு வாங்கும்போது விரல்களை மடக்கிக்கொள்கிறார். இது தொற்றாது என்று அவருக்குத் தெரியும். எதிரில் நிற்பவருக்குத் தெரியாதே!

செவிலியருக்கு ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நான் வினாத்தாளைத்தான் சொல்வேன். காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். ஆனால் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தால் போதாது. எதற்கு 'மிக அதிகம்' என்று குறித்திருக்கிறாரோ, பேச்சை அங்கிருந்து தொடங்க வேண்டும். அப்புறம், மனச்சோர்வை அது நேரடியாகக் கேட்பதில்லை. தூக்கம் எப்படி, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்பதைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, அவசரமில்லாமல் கேட்டே ஆக வேண்டும்.